அப்பாவின் தொப்பியில் மூன்று சீட்டுகள்

எங்கள் வீட்டில் கர்த்தர் மூன்று வார்த்தைகள்தான் பேசுவார். போ, போகாதே, பொறு. மூன்றும் அப்பாவின் கையெழுத்தில், மூன்று சின்னக் காகிதச் சீட்டுகளில், அவருடைய பழைய தொப்பிக்குள் இருந்தன.

அப்பா ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டு. கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் கையில் வைத்துக்கொண்டு, சிக்னல் விழும்வரை காத்திருப்பது அவருடைய உத்தியோகம். அப்படியே பழகியவர் வீட்டையும் அதே மாதிரி நடத்தினார். எதை முடிவு செய்யவேண்டுமானாலும் குடும்ப ஜெபம் முடிந்ததும் பீரோ மேலிருந்து தொப்பி இறங்கும். எல்லோரும் முழங்காலில் நிற்போம். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொப்பிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுப்பார். பிரித்து ஒரே ஒரு வார்த்தையை வாசிப்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் சீட்டுப் போட்டு ஜெபிப்பது புதிதல்ல. மற்றவர்கள் கல்யாணம், காட்சி, வீடு, மனை என்று பெரிய காரியங்களுக்குப் போடுவார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் போட்டார். கல்கத்தாவில், பெஹாலாவில் இந்த மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தது சீட்டில். நான் டைப்ரைட்டிங் படித்தது சீட்டில். அம்மா பிரஷர் குக்கர் கேட்டதற்கும் சீட்டுத்தான். "பொறு" என்று வந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடியும் "பொறு". கீழ் வீட்டு வங்காளி அண்ணியின் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் ஒரு தட்டுத் தட்டுவாள்.

"ஏங்க, மீன் வாங்கதுக்காவது சீட்டு போடாம இருக்கியளே, அதுவரைக்கும் ஸ்தோத்திரம்" என்பாள்.

நாலு வருஷம் கழித்துத்தான் எங்கள் வீட்டிலும் விசில் அடித்தது.

அப்பாவை நான் கேலி செய்வதாக நினைக்கவேண்டாம். அவரைப்போல நேர்மையான மனிதரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. தன் இஷ்டப்படி ஒரு முடிவை எடுத்துவிட்டு, அதற்குக் கர்த்தரின் பெயரை வைக்கிற ஆட்கள் எங்கள் சபையிலேயே நிறையப் பேர் இருந்தார்கள். அந்தப் பாவத்துக்கு அப்பா அஞ்சினார். தன் ஆசையைத் தள்ளி வைக்கத்தான் கண்ணை மூடினார். ஆனால் எனக்கு வாய்த்த குணம் வேறு. பாலைக் காய்ச்ச வைத்தால்கூடப் பொங்கும்வரை நிற்க எனக்குப் பொறுமை இருக்காது. மூன்று சீட்டில் எனக்கு ஆகாத சீட்டு "போகாதே" அல்ல. "போகாதே" என்றால் அழுது தீர்த்துவிடலாம். "பொறு" என்றால் எதுவரைக்கும் என்று யாரைக் கேட்பது?

அப்பா வேலையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு கதையை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி சொல்வார். ஊருக்குள் ஓடும் லைனில் சில சிக்னல்கள் தானாகவே மாறும். அதில் சிவப்பு விழுந்தால் வண்டி நிற்கவேண்டும். ஆனால் அப்படியே நின்றுவிடக் கூடாது. பகலில் ஒரு நிமிஷம், இருட்டில் இரண்டு நிமிஷம். அதற்குமேலும் சிவப்பாகவே இருந்தால் டிரைவர் நீளமாக ஒரு விசில் கொடுத்துவிட்டுப் பின்னால் பார்ப்பார். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பச்சைக் கொடி காட்டவேண்டும். பிறகு வண்டி கண்ணால் பார்த்துப் பார்த்து மெதுவாகப் போகும். "முன்னால சிவப்பு எரியும், பின்னால நான் பச்சை காட்டுவேன்" என்று சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். இந்தக் கதையை நான் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன், ஒரு தடவைகூட அதில் எனக்கென்று ஒன்று இருப்பதாகத் தோன்றியதில்லை.

எழுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்துமூன்று வயதில், டல்ஹௌசியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்குக் காது கேட்காது. ஏழு வயது. அவளுடைய அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மா ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது. பாலிகஞ்சில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் அவளைச் சேர்த்திருந்தார்கள். சனிக்கிழமை தோறும் தாய்மார்களைக் கூப்பிட்டு, வீட்டில் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அங்கே காட்டுவார்கள். இந்த அம்மா போய் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் புரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் கூடப் போகத் தொடங்கினேன். டீச்சர் வங்காளத்தில் சொல்வதை அவளுக்குத் தமிழில் சொல்லவேண்டும். அதுதான் என் வேலை.

முதல் சனிக்கிழமையே அந்தப் பள்ளிக்கூடம் என்னைப் பிடித்துக்கொண்டது. பிள்ளையின் வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடிப்பார்கள். "ப" என்று சரியாகச் சொன்னால் காகிதம் ஆடும். சொல்லும் எழுத்து காதில் விழாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு டீச்சரின் தொண்டையில் பிள்ளை உள்ளங்கையை வைத்துப் பார்க்கும், சத்தம் அங்கே அதிர்கிறது அல்லவா, அந்த அதிர்வைத் தன் தொண்டையிலும் தேடும். எங்கள் பிள்ளை இதைக் கற்றுக்கொண்டது முதல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எக்கி என் தொண்டையில் கையை வைத்துவிடுவாள். பேசு என்று அர்த்தம். பேசாவிட்டால் அடி விழும்.

ஐந்தாறு மாதம் இப்படிப் போனது. பள்ளியின் தலைமை ஆசிரியையை எல்லோரும் பொர்தி என்பார்கள், பெரியக்கா என்று பொருள். வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி, அதிகம் பேசாத பெண்மணி. ஒருநாள் அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நீ மொழிபெயர்க்க வந்தாய். ஆனால் நீயே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாய், தெரியுமா?" என்றார். வரும் வருஷத்து ஆசிரியப் பயிற்சியில் ஒரு இடம் இருக்கிறது, அதை எனக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். இரண்டு வருஷம். பள்ளிக்கூட விடுதியிலேயே தங்கலாம். தமிழும் இந்தியும் வங்காளமும் பேசுகிற ஒரு டீச்சர் அவர்களிடம் அதுவரை இருந்ததில்லை. மூன்று வாரத்தில், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் வந்து கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பாலிகஞ்சிலிருந்து வீடு வரும்வரை எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வீட்டு வாசலில்தான் நினைவு வந்தது. இன்னும் நாலு மாதத்தில் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். பாளையங்கோட்டைப் பக்கம் சொந்த ஊரில் வீடு தயாராக இருந்தது. மூன்று பேரும் ஊருக்குப் போவது என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அங்கே எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் அந்த முடிவிலேயே அடக்கம். கல்யாணமாகாத பெண்ணைக் கல்கத்தாவில் தனியே விட்டுவிட்டு வருவதா? சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா?

அப்பா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. "நல்ல ஊழியந்தான் எம்மா. ஆனா நம்ம இஷ்டம் வேற, ஆண்டவர் சித்தம் வேற. அவர்ட்டயே கேப்போம்" என்றார்.

தொப்பி இறங்கியது. முழங்காலில் நின்றபடி நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் கண்கள் இறுக மூடியிருந்தன, உதடு துடித்துக்கொண்டிருந்தது. கையை விட்டார். எடுத்தார். பிரித்தார்.

"பொறு."

அடுத்த வாரம் மறுபடி போட்டார். "பொறு." நான் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். காய்ந்த துணிகளை எடுக்கிற சாக்கில் ஒரு பாட்டம் அழுதேன். மூன்றாவது வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி முறை. அம்மா முழங்காலில் நின்றபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றும் அதேதான் வந்தது.

"நாளைக்கு நாலு மணியோட இடம் போயிரும்ப்பா. இதுல எங்க பொறுக்க?"

"அதுதான் பதிலோ என்னமோ, மக்களே" என்றார் அப்பா. தொப்பியை உடனே பீரோ மேல் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. தாயைப்போலப் பிள்ளை, நூலைப்போலச் சேலை என்பார்கள். நான் தகப்பனைப் போல. ஆபீசுக்குப் போக டிராம் ஸ்டாப்பில் நின்றுகொண்டு நானே தனியாக ஒரு சீட்டுப் போட்டேன், காகிதம் இல்லாமல். "ஆண்டவரே, இப்போது வரும் முதல் டிராமில் பெண்கள் இருக்கையில் ஓர் இடம் காலியாக இருந்தால் பாலிகஞ்சுக்குப் போகிறேன். இல்லாவிட்டால் ஆபீசுக்குப் போய், ஊருக்கும் போய், நீர் காட்டுகிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுகிறேன்."

இதில் ஒரு கள்ளத்தனம் இருந்தது. பெஹாலாவில் காலை ஒன்பது மணி டிராம் எங்கள் ஸ்டாப்புக்கு வரும்போது மூச்சுவிட இடம் இருக்காது. பெண்கள் இருக்கையில் இரண்டு பேர் மடியில் மூன்றாவது ஆள் உட்கார்ந்திருப்பாள். நடக்காத ஒன்றைத்தான் நான் கேட்டேன். அப்பாவை எதிர்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் பழியை டிராம் மேல் போடப் பார்த்தேன்.

டிராம் வந்தது. படியில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்டாப்புக்கு இருபது அடி இருக்கும்போது முனகிக்கொண்டே வேகம் குறைந்து நின்றுவிட்டது. கம்பியில் மின்சாரம் போய்விட்டது. அந்தக் காலத்துக் கல்கத்தாவில் இது யாருக்கும் புதிதில்லை. ஐந்து நிமிஷம் உள்ளேயே இருந்து பார்த்தார்கள். பத்தாவது நிமிஷம் திட்டிக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கினார்கள். கால் மணி நேரத்தில் வண்டியில் ஒரு ஈ காக்கை இல்லை. டிரைவரும் டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பெண்கள் இருக்கை இரண்டும் காலி. ஒரு இடம் கேட்டேன், நாலு இடம் கொடுத்திருக்கிறார்!

ஏறி உட்கார்ந்துவிட்டேன். வேறென்ன செய்ய? அடையாளம் அச்சடித்த மாதிரி வந்துவிட்டது. மடியில் பையை வைத்துக்கொண்டு, வண்டி நகர்வதற்காகக் காத்திருந்தேன். அது கிளம்பினாலும் டல்ஹௌசிக்குத்தான் போகும் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் இருக்கை கேட்டேனே தவிர, ஓடுகிற வண்டி வேண்டும் என்று கேட்கவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு முக்கால் மணி. தெருவில் போகிறவர்கள், செத்துப்போன டிராமில் தனியாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கண்டக்டர் படியில் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்திலிருந்து முடி, அதுதான் நம் பொரி, தின்றுகொண்டிருந்தார். எங்கள் அப்பா வயது இருக்கும். கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை.

"தீதி, உட்காரணும்னா உட்காருங்க. போகணும்னா நடந்து போங்க" என்றார் வங்காளத்தில். பரிகாசமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மறுபடி பொரியில் கையை விட்டார்.

எனக்கு முதுகில் யாரோ ஒன்று வைத்த மாதிரி இருந்தது. எழுந்தேன். இறங்கினேன். நடந்தேன்.

ஓடிய பஸ்களில் ஆட்கள் ஜன்னல் கம்பியில்கூடத் தொங்கினார்கள், அதில் கால் வைக்க வழியில்லை. தாராதலா முனைவரை எதையும் யோசிக்காமல் நடந்தேன். அங்கே சாலை பிரிகிறது. நேரே போனால் டல்ஹௌசிப் பக்கம், என் ஆபீஸ். வலது பக்கம் திரும்பினால் நியூ அலிப்பூர், சேத்லா, காளிகாட், ராஷ்பிஹாரி, கடைசியில் பாலிகஞ்ச். நிற்கவேண்டும், யோசிக்கவேண்டும், ஜெபிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது நான் ஏற்கெனவே வலது பக்கம் திரும்பி நூறு அடி வந்திருந்தேன்.

அங்கே நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். அத்தனை சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

ஐப்பசி மாதம், மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. நடக்க நடக்கக் கர்த்தரோடு சண்டை போட்டேன். எங்கள் சபையில் அப்படிப் பேசினால் எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள். "அந்தப் பிள்ளையை என் வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தது யார்? அவள் அம்மாவுக்கு வங்காளம் தெரியாமல் போனதும், எனக்குத் தெரிந்திருப்பதும் யார் செய்த வேலை? பொர்தி கூப்பிட்டதும் எனக்குத் தூக்கம் போனதே, அது என்ன? இதெல்லாம் பேச்சு இல்லையா? ஆறு மாதமாக நீர் கத்திக்கொண்டே இருக்கிறீர், நாங்கள் தொப்பிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறோம். எனக்குத்தான் காது கேட்கவில்லை" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அதுதான் நிஜம் என்று எனக்கே தெரிந்தது. சண்டை அதோடு தீர்ந்தது. மீதி வழியெல்லாம் பாட்டுத்தான்.

சேத்லா பாலத்தில் செருப்பு வார் அறுந்தது. புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டேன். தேசப்பிரியா பார்க் தாண்டும்போது அந்த ஊக்கும் கழன்று காலில் குத்தியது. பள்ளிக்கூட வாசலை மிதிக்கும்போது மணி ஒன்றரை. ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில், வியர்வையில் முதுகோடு ஒட்டின ரவிக்கை.

பொர்தி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "டிராம் ஓடவில்லையே. பெஹாலாவிலிருந்து எப்படி வந்தாய்?"

"நடந்து."

அவர் எழுந்து போய் மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொண்டுவந்து அவரே என் கையில் கொடுத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தால் வராந்தாவில் எங்கள் பிள்ளை. வெள்ளிக்கிழமையில் என்னை அங்கே எதிர்பார்க்காதவள் ஓடிவந்து, எக்கி, என் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள். பேசு.

"வந்துட்டேன்ளா, வந்துட்டேன்" என்றேன். என் குரல் அவள் கையில் அதிர்ந்தது. அவள் மற்றக் கையால் தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டு, வாயைத் திறந்து என்னவோ ஒரு சத்தம் போட்டாள். அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் வராந்தா முழுக்கக் கேட்டது.

சாயங்காலம் மின்சாரம் வந்து, டிராமும் வந்து, நான் வீடு சேர்ந்தபோது ஆறு மணி. பாதி பலம் வழியிலேயே கரைந்திருந்தது. ஒளிப்பதில் அர்த்தமில்லை என்று வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"கையெழுத்து போட்டுட்டேன்ப்பா."

அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தார். நாலாக மடித்தார். எட்டாகவும் மடித்தார். "சீட்டுல பொறுன்னு வந்துச்சு எம்மா. மூணு தரம் வந்துச்சு" என்றார். கோபம் இல்லை, பயம். பெற்ற பெண் கர்த்தருடைய சிக்னலைத் தாண்டிப் போய்விட்டாளே என்ற பயம். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

அப்போதுதான் ஐம்பது தடவை கேட்ட கதை எனக்கு முதல் தடவையாகக் காதில் விழுந்தது.

"அப்பா, தானா மாறுத சிக்னல்ல சிவப்பு விழுந்தா எவ்வளவு நேரம் நிக்கணும்?"

அவர் மடித்த பேப்பரைக் கீழே வைத்தார்.

"பகல்ல ஒரு நிமிஷம். நான் மூணு வாரம் நின்னுட்டேன். விசிலும் குடுத்துட்டேன். பின்னால திரும்பிப் பாக்கேன்ப்பா. பச்சைக் கொடி காட்ட வேண்டியது யாரு? நீங்கதான?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். ஊக்கு குத்தின இடத்தில் இரத்தம் காய்ந்திருந்தது.

"நடந்தா போன?"

"ஆமா."

"பெஹாலாலருந்து பாலிகஞ்ச் வரைக்குமா?"

"ஆமாப்பா."

எழுந்து உள்ளே போனார். பீரோ மேலிருந்து தொப்பியை எடுக்கும் சத்தம் கேட்டது. நாலாவது தடவையும் போடப்போகிறார் என்று நினைத்தேன். அம்மா ஈரக்கையோடு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். அப்பா முழங்கால் போடவில்லை. மேஜைமேல் தொப்பியைக் கவிழ்த்தார். மூன்று சீட்டுகளும் விழுந்தன.

அந்தச் சீட்டுகளை நான் அதுவரை பக்கத்தில் பார்த்ததே இல்லை. வேறு யாரும் தொடக் கூடாது என்பது வீட்டு விதி. கல்கத்தா வேலைக்கு வரலாமா என்று கேட்பதற்காகக் கல்யாணமான புதிதில் எழுதியவையாம். அன்று "போ" வந்ததாம். அன்றிலிருந்து அதே மூன்று சீட்டு. ராசியான சீட்டை எதற்கு மாற்றுவது?

அப்பா ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வைத்தார். "போ" சீட்டின் மடிப்பு இன்னும் விறைப்பாக இருந்தது, ஓரம் நறுக்கென்று இருந்தது. "போகாதே" கொஞ்சம் பழுத்திருந்தது. "பொறு" மட்டும் எத்தனையோ தடவை எடுத்து, பிரித்து, மடித்து, பஞ்சுபோல உப்பிப் போயிருந்தது. மற்ற இரண்டும் தட்டையாகத் தொப்பியின் அடியில் கிடக்கும். இது மேலே மெத்தென்று உட்கார்ந்திருக்கும். கண்ணை மூடிக் கையை விட்டால் விரலுக்கு முதலில் தட்டுப்படுவது அதுதான். ஒரு தடவை எடுத்தால் இன்னும் கொஞ்சம் உப்பும். இன்னும் கொஞ்சம் உப்பினால் மறுபடியும் அதுவே வரும்.

நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கள்ளமில்லாத ஒரு மனிதரின் சிக்கனம், அவ்வளவுதான்.

"என் கைதான் இதுக்குப் பழகிப் போச்சு" என்றார் அப்பா மெதுவாக. "ஆண்டவர குத்தம் சொல்லதுக்கு இல்ல."

பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கண்ணை மூடவில்லை. நன்றாகத் திறந்துகொண்டு, என்னையும் சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டை அசைத்து ஒரு சின்ன ஜெபம் செய்தார். கையை நீட்டி, அந்த மூன்றில் விறைப்பாக இருந்த சீட்டை எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"போ" என்றார். உடனே நிமிர்ந்து நின்று இன்னொரு தடவை, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற கார்டு குரலில் சொன்னார். "போ எம்மா!"

நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது. அப்பாவும் அழுதார்.

அம்மா மட்டும் அழவில்லை. அந்த உப்பின சீட்டை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சீட்ட அப்பமே கண்ணத் தொறந்து எடுத்திருந்தா, நாலு வருஷம் முந்தியே எனக்குக் குக்கர் வந்திருக்கும்" என்றாள்.